ஒட்டிக்கொண்ட ஐசொலெட்: பழைய ஃபிலிம் கேமராவை வீட்டிலேயே பிரித்துச் சரிசெய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

பழைய ஆக்ஃபா ஐசொலெட் கேமரா உங்கள் கைக்கு வந்தால், முதலில் லென்ஸைச் சுற்றியிருக்கும், எவ்வளவு தூரத்திலுள்ளது தெளிவாக விழ வேண்டும் என்று அமைக்கும் தூர வளையத்தை இரண்டு விரலால் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் அது அசையாது. சிமென்ட் வைத்துப் பூசியதுபோல நிற்கும். அசையவில்லை என்றால் அதற்குமேல் பலம் கொடுக்காதீர்கள். இந்தக் கேமராவில் பலரும் செய்கிற முதல் தவறும் ஈடுகட்ட அதிக நேரம் பிடிக்கிற தவறும் அந்த இடத்தில்தான் நடக்கின்றன. நானும் அங்கேதான் தவறினேன். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

ஐசொலெட் 1950களில் ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஆக்ஃபா ஆலையில் தயாரான மடக்குக் கேமரா. மேலே ஒரு பொத்தானை அழுத்தினால் முன்கதவு திறந்து, மடிப்பு மடிப்பான துருத்தியை இழுத்துக்கொண்டு லென்ஸ் வெளியே வரும். 120 ரோல் ஃபிலிமில் ஆறு சென்டிமீட்டர் சதுரத்தில் பன்னிரண்டு படங்கள் எடுக்கலாம். என்னிடம் இருப்பது ஐசொலெட் 2. அதில் 85 மில்லிமீட்டர், எஃப் 4.5 அபோட்டார் லென்ஸும், ஒளியைக் கணநேரம் உள்ளே விட்டு மூடும் புரொன்டார் எஸ் ஷட்டரும் உள்ளன. இந்த வழிகாட்டி அதை வைத்துத்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஐசொலெட் 1, 3 வைத்திருப்பவர்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

முதன்முதலாகக் கேமரா பிரிப்பவருக்கு இதையே நான் சிபாரிசு செய்கிறேன். பேட்டரி இல்லை, கம்பி இல்லை, சர்க்யூட் இல்லை. பித்தளை, கண்ணாடி, எஃகு ஸ்பிரிங், துருத்தி, அவ்வளவுதான். உள்ளேயே ஃபிளாஷ் பொருத்தப்பட்ட 1980, 90களின் சிறிய கேமராக்களைக் கற்றுக்கொள்வதற்காகத் திறக்காதீர்கள். அவற்றின் கெப்பாசிட்டர் 300 வோல்ட் அளவுக்கு மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும். பேட்டரியைக் கழற்றிய பிறகும் அடிக்கும்.

நம் வீடுகளுக்கு ஆக்ஃபா என்ற பெயர் புதிதில்லை. பரோடாவில் தயாரான ஆக்ஃபா கிளிக் 3 பல குடும்பங்களின் முதல் கேமரா. அதுவும் இதே 120 ஃபிலிமைத்தான் தின்னும். ஊட்டியில் ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்த இந்து கறுப்பு வெள்ளைச் சுருள்கள் கடைகளில் கிடைத்த காலம் ஒன்று இருந்தது. இன்று கிளிக் 3 பழுதானால் துடைப்பதைத் தவிர அதில் செய்ய அதிகமில்லை. ஐசொலெட்டில்தான் கைக்கு வேலை இருக்கிறது.

நோய் ஒன்றுதான்

ஐசொலெட்டுக்கு வரும் கோளாறுகள் மூன்று. தூர வளையம் இறுகிப்போவது, ஷட்டர் சோம்பலாவது, துருத்தியில் ஓட்டை விழுவது. முதல் இரண்டுக்கும் காரணம் ஒன்றே: ஆலையில் தடவிய கிரீஸ். எழுபது ஆண்டுகளில் அதன் எண்ணெய்ப்பகுதி பிரிந்து வழிந்து ஷட்டர் இதழ்களில் போய்ச் சேர்ந்திருக்கிறது. மிஞ்சிய சக்கை லென்ஸின் மரைக்குள் பசையாக இறுகிவிட்டது. அந்தச் சக்கையின் நிறம், தேய்க்காமல் விட்ட பித்தளைப் பாத்திரத்தில் ஏறும் களிம்பின் அதே பச்சை. புளி போட்டுத் தேய்த்தால் போகாது என்பது மட்டும்தான் வித்தியாசம்.

ஆகவே பழைய கேமரா இயங்கவில்லை என்றதும் பாகம் உடைந்துவிட்டது என்று நினைக்க வேண்டியதில்லை. எல்லாப் பாகங்களும் உள்ளேயே நன்றாக இருக்கின்றன, ஒட்டிக்கொண்டிருக்கின்றன. என் தெருமுனையில் கைக்கடிகாரம் பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவர் இருந்தார். சோம்பிக் கிடந்த ஷட்டரை அவரிடம் நீட்டி, "இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுக் கொடுங்கள் ஐயா" என்றேன். லூப்பைக் கண்ணிலிருந்து எடுக்காமலே சொன்னார்: "எண்ணெய் விடுவதற்கு முன்னால் எண்ணெயை எடுக்க வேண்டும், தம்பி." நான் கீழே எழுதப்போவதில் பாதி, அந்த ஒரு வாக்கியத்தின் விரிவு.

மேசையில் வைக்க வேண்டியவை

கடிகாரக்காரர்கள் வைத்திருக்கும் சிறிய தட்டைமுனைத் திருப்புளிகள் வேண்டும், 0.8 முதல் 2 மில்லிமீட்டர் வரை. மலிவான பெட்டியில் வரும் மெல்லிய தகரத் திருப்புளிகளை வாங்காதீர்கள். முனை வளைந்து திருகாணியின் பள்ளத்தைச் சிதைத்துவிடும், பிறகு அதை எந்தத் திருப்புளியாலும் எடுக்க முடியாது. முனை பள்ளத்தில் ஆடாமல் உட்கார வேண்டும்.

நகைப்பட்டறையில் பயன்படுத்தும் கூர்முனைச் சாமணம் ஒன்று. கண்ணில் வைக்கும் லூப் அல்லது நல்ல பூதக்கண்ணாடி. காற்றூதும் ரப்பர்ப் பந்து. மரப் பல்குச்சிகள், பஞ்சுக்குச்சிகள், முடியைக் குட்டையாக வெட்டிய பழைய பல்துலக்கி. தலைமுடி உலர்த்தும் டிரையர். பழைய சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிய இரண்டு ரப்பர்ப் பட்டைகள். இந்த வேலையில் மிக மலிவான கருவியும் மிக உதவியான கருவியும் இந்தப் பட்டைகள்தான்.

கரைப்பானாக சிகரெட் லைட்டரில் ஊற்றும் திரவம் போதும். நாப்தா என்பது அதுதான். சீக்கிரம் ஆவியாகும், படிவு விடாது, கேமராவின் கறுப்புப் பூச்சை அநேகமாகத் தொடாது. அசிட்டோன் இதைவிட வேகமாகக் கரைக்கும், ஆனால் பெயின்ட்டையும் பிளாஸ்டிக்கையும் சேர்த்துக் கரைக்கும். நகப்பூச்சு அகற்றும் திரவத்தில் எண்ணெய் கலந்திருப்பதுண்டு. இரண்டும் வேண்டாம். லென்ஸைத் துடைக்க ஐசோபுரோபைல் ஆல்கஹால் சிறிய புட்டி ஒன்று.

நாப்தா பட்டென்று தீப்பிடிக்கும். ஜன்னலைத் திறந்துவிடுங்கள். அடுப்பு, அகல்விளக்கு, ஊதுவத்தி எதுவும் அந்த அறையில் எரியக்கூடாது. டிரையரை நாப்தா ஈரத்தின்மேல் ஒருபோதும் காட்டாதீர்கள். சூடு முதலில், கரைப்பான் பிறகு. இரண்டும் மாறிமாறித் தேவைப்பட்டால் நடுவில் முழுதாக உலரவிட்டு, வேறு அறைக்குப் போய்ச் சூடேற்றுங்கள்.

மேசையில் வெள்ளைத் துணி விரியுங்கள். ஓரத்தைச் சற்று மடித்து விட்டால் உருளும் திருகாணி அங்கே தங்கும். ஒவ்வொரு பாகத்தையும் கழற்றுவதற்கு முன்னும் பின்னும் கைபேசியில் படம் எடுங்கள். கழற்றியதை ஐஸ் தட்டின் குழிகளில் வரிசையாகப் போடுங்கள். முதற்குழியில் முதலில் வந்தது. திரும்பப் பூட்டும்போது கடைசிக் குழியிலிருந்து வர வேண்டும். ஒருமுறை இந்தத் தட்டை அலட்சியம் செய்து, கடுகளவுகூட இல்லாத ஒரு திருகாணியை இழந்தேன். மூன்று நாள் கழித்து அது துடைப்பத்தின் ஈர்க்குகளுக்கு இடையில் கிடைத்தது.

திறக்கும் முன் சோதனை

திருப்புளியை எடுப்பதற்கு முன் எது நோய், எது நோயில்லை என்று தெரிய வேண்டும்.

கேமராவைத் திறக்கும்போது முன்கதவைக் கையால் தாங்கி மெதுவாக இறக்குங்கள். ஸ்பிரிங் வேகத்தில் விட்டால் துருத்தி திடீரென்று விரிந்து காற்றை உறிஞ்சும். காய்ந்துபோன மடிப்புகள் அப்போதுதான் கிழிகின்றன.

ஷட்டரின் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் சிறு லீவரைத் தள்ளி ஷட்டரை ஏற்றுங்கள். வேகத்தை முதலில் அமைத்துவிட்டு அதன் பிறகு ஏற்றுவதுதான் பாதுகாப்பான பழக்கம். இப்போது கேமராவின் மேலுள்ள, படம் எடுக்கும் பொத்தானை அழுத்துகிறீர்கள், அது அமுங்கவில்லை. பதற வேண்டாம். ஒரே சட்டத்தில் இருமுறை படம் பதிவதைத் தடுக்க அங்கே ஒரு பூட்டு இருக்கிறது. ஃபிலிம் சுற்றாமல் அது விடுவதில்லை. பழுதென்று எண்ணி இந்தப் பூட்டைப் பிரிக்கப்போய் நல்ல கேமராவைக் கெடுத்தவர்கள் உண்டு. ஷட்டரின் விளிம்பிலேயே அதை விடுவிக்கும் சிறு நெம்பு ஒன்று இருக்கும், அதை விரலால் நேரடியாக அழுத்துங்கள்.

1/100 நொடியில் இதழ்கள் சட்டென்று திறந்து மூடுகின்றனவா? ஒரு நொடியில் வைத்து அழுத்தினால் உள்ளே பல்சக்கரங்கள் 'ர்ர்ர்' என்று சீராக ஓடி முடிய வேண்டும். திறந்தபடியே நின்றுவிட்டால் மெதுவேகப் பல்சக்கரத்தில் பிசுக்கு. இதழ்கள் திறக்கவே மறுத்தாலோ பாதியில் தயங்கினாலோ இதழ்களுக்கு நடுவில் எண்ணெய். இந்த வேறுபாட்டைக் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு எங்கே கைவைக்க வேண்டும் என்பதை அதுதான் சொல்லும்.

இரவில் எல்லா விளக்குகளையும் அணைத்துவிட்டு, பின்கதவைத் திறந்து துருத்திக்குள் சிறிய டார்ச் ஒன்றைச் செலுத்துங்கள். வெளியிலிருந்து மடிப்புகளின் மூலைகளைப் பாருங்கள். ஒளிப்புள்ளி தெரிந்தால் ஓட்டை. ஐந்தாறு புள்ளிகள் என்றால் ஒட்டுப்போடலாம். நட்சத்திர மண்டலமே தெரிந்தால் துருத்தியை மாற்றவேண்டியதுதான். ஆக்ஃபா தன் துருத்திக்குத் தோலுக்குப் பதிலாகச் செயற்கைப் பொருளைப் பயன்படுத்தியது, மூலைகளில் அது நொறுங்கிவிடுகிறது. அதே காலத்து ஜைஸ் இக்கான் கேமராக்களின் தோல் துருத்திகள் பல இன்றும் ஒளி கசியாமல் இருக்கின்றன.

தூர வளையத்தைக் கழற்றுதல்

தூர வளையத்தின் வெளிவிளிம்பைச் சுற்றிப் பார்த்தால், சம இடைவெளியில் மூன்று மிகச்சிறிய திருகாணிகள் தெரியும். அவற்றுக்குத் தலை கிடையாது, பள்ளம் மட்டும்தான். முழுதாக வெளியே எடுக்காமல் ஒன்றிரண்டு சுற்று தளர்த்துங்கள். வெளியே வந்துவிட்டால் அவை கண்ணுக்குத் தெரியாமல் மறைவதில் கெட்டிக்காரர்கள். மூன்றும் தளர்ந்ததும் வளையம் மேலே தூக்க வரும். வராவிட்டால் மூன்றில் ஒன்று இன்னும் பிடித்திருக்கிறது. நெம்பாதீர்கள்.

வளையத்தின் கீழே லென்ஸின் முன்கண்ணாடி பித்தளைக் கூட்டுக்குள் உட்கார்ந்திருக்கும். அந்தக் கூட்டின் மரை, நடுக்கண்ணாடியின் கூட்டுக்குள் போகிறது. நடுக்கூட்டின் மரை ஷட்டருக்குள் போகிறது. நீங்கள் தூரத்தைத் திருப்பும்போது முன்கூடு மட்டும் நகர வேண்டும், நடுக்கூடு ஆடாமல் நிற்க வேண்டும். கிரீஸ் இறுகிய கேமராவில் முன்கூடும் நடுக்கூடும் ஒரே கட்டியாகிவிட்டிருக்கும்.

என் முதல் ஐசொலெட்டில் நான் வளையத்தைக் கழற்றவே இல்லை. பலம்கொண்டு திருப்பினேன். மெல்ல வழிவிட்டது. சரியாகிவிட்டது என்று மகிழ்ந்து இரண்டு ரோல் எடுத்தேன். இருபத்துநாலு படங்களிலும் எதுவுமே தெளிவில்லை. வழிவிட்டது முன்கூட்டின் மரை அன்று. கட்டியாக ஒட்டிய இரண்டு கூடுகளும் சேர்ந்து ஷட்டரிலிருந்து கழன்றுகொண்டிருந்தன. ஒவ்வொரு முறை தூரத்தை மாற்றியபோதும் லென்ஸின் நடுக்கண்ணாடியையும் நான் இடம்பெயர்த்துக்கொண்டிருந்தேன். 'அட, சுலபமாகத் திரும்புகிறதே' என்று விற்பவர் சொல்லும் ஐசொலெட்டையும் இதனால் நம்பாதீர்கள். திரும்புவது எந்த மரை என்று பாருங்கள்.

இப்போது நாமே அந்தக் கட்டியை முழுதாக, இடப்புறமாகத் திருகி ஷட்டரிலிருந்து வெளியே எடுக்கப்போகிறோம். டிரையரால் இரண்டு நிமிடம் சூடேற்றி, நடுக்கூட்டைச் சுற்றி டியூப் பட்டையைப் போட்டுத் திருகினால் வரும். வெளியே வந்ததும் ஷட்டர் வாயைச் சுத்தமான துணியால் மூடிவையுங்கள்.

பச்சைப் பசையோடு போராட்டம்

கையில் இப்போது ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிய பித்தளைக் கட்டி, இரண்டு பக்கமும் கண்ணாடி. அபோட்டார் மூன்று தனிக் கண்ணாடிகள் கொண்ட லென்ஸ். முன்னதும் நடுவதும் ஒற்றைக் கண்ணாடிகள், ஒட்டுப் பசை எதுவும் இல்லை. அதனால் இவற்றைத் தைரியமாக நனைக்கலாம். உங்களுடையது சொலினார் லென்ஸ் என்றால் பின்பகுதி இரண்டு கண்ணாடிகளை ஒட்டிச் செய்தது. அதைக் கரைப்பானில் ஊறவைக்காதீர்கள்.

இரண்டு கூடுகளும் சந்திக்கும் கோட்டைச் சுற்றி நாப்தாவைச் சொட்டுச்சொட்டாக விட்டு, மூடியுள்ள சிறிய கண்ணாடிப் புட்டியில் ஓர் இரவு வைத்துவிடுங்கள். காலையில் எடுத்து முழுதாக உலரவிட்டு, அடுத்த அறையில் டிரையரால் சூடேற்றுங்கள். விரலால் தொட முடியும், பிடித்துக்கொண்டிருக்க முடியாது என்ற அளவுச் சூடு. உடனே இரண்டு கூடுகளுக்கும் தனித்தனி டியூப் பட்டை சுற்றி எதிரெதிராகத் திருகுங்கள்.

முதல் நாளில் பிரிந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். எனக்கு நான்கு நாள் ஆயிற்று. நான்காம் நாள் காலை, பட்டை வழுக்கிய மாதிரி ஓர் உணர்வு. பார்த்தால் பட்டை வழுக்கவில்லை. கூடு ஒரு மயிரிழை திரும்பியிருந்தது. அந்த மயிரிழை கிடைத்ததும் முன்னே பின்னே, முன்னே பின்னே என்று ஆட்டிக்கொண்டே, நடுநடுவே நாப்தா சொட்டிக்கொண்டே போனால் கால் மணி நேரத்தில் பிரியும். குறடு போட்டு இறுக்க ஆசை வரும். பித்தளைக் கூடு மெல்லியது. வட்டம் நசுங்கி நீள்வட்டமானால் அந்த மரை இனி ஒருபோதும் திரும்பாது. பசை கரைகிற வேகத்துக்கு நாம் காத்திருப்பதுதான் உத்தமம்.

பிரியும் கடைசி நொடியில் கவனம் வேண்டும். முன்கூடு நடுக்கூட்டிலிருந்து எந்த இடத்தில் விடுபடுகிறதோ, அந்த இடத்தில் இரண்டின்மீதும் ஊசியால் மெல்லிய கோடு போடுங்கள். திரும்பப் பூட்டும்போது மரை அதே இடத்தில் பிடிக்க வேண்டும்.

பிறகு சுத்தம். மரையின் ஒவ்வொரு பள்ளத்திலும் பல்குச்சியை ஓட்டுங்கள். குச்சிமுனை பச்சையாக வரும். துடைத்துவிட்டு மறுபடி. குச்சி நிறமில்லாமல் வரும்வரை விடாதீர்கள். பித்தளை புதிதுபோல மினுங்கும்போது, கிரீஸ் இல்லாமலே முன்கூட்டைத் திருகிப் பாருங்கள். தன் எடையிலேயே சுழன்று இறங்குவதுபோல லேசாகப் போக வேண்டும். எங்கேயாவது சொரசொரத்தால் அங்கே இன்னும் பசை இருக்கிறது.

புதிய கிரீஸ் எவ்வளவு? பல்குச்சி முனையில் எள்ளளவு எடுத்து மரையெங்கும் பரப்பினால் போதும். லென்ஸ் மரைக்கென்று விற்கும் கெட்டியான கிரீஸோ நல்ல லித்தியம் கிரீஸோ சரி. தையல் மெஷின் எண்ணெய், வாசலின், தேங்காய் எண்ணெய் எதுவும் கூடாது. நம் வீடுகளில் கதவுக் கீலிலிருந்து தலைமுடி வரை தேங்காய் எண்ணெய்தான் மருந்து என்பது எனக்கும் தெரியும். ஆனால் மெல்லிய எண்ணெய் வெயிலில் இளகி ஷட்டர் இதழ்களுக்குத்தான் போய்ச் சேரும். பழைய நோயைப் புதிதாக வாங்கி வைத்ததாகும்.

ஷட்டரைக் கழுவுதல்

புரொன்டார் ஷட்டர்கள், ஜெர்மனியின் கறுப்புக் காட்டுப் பகுதியில் கால்ம்பாக் என்ற ஊரிலிருந்த ஆல்ஃபிரட் கௌத்தியர் நிறுவனத்தில் செய்யப்பட்டவை. சுவர்க்கடிகாரங்களுக்குப் பேர்போன பகுதி அது. ஷட்டருக்குள்ளும் கடிகாரத்தின் சாயலைக் காண்பீர்கள்.

லென்ஸ் கூடுகள் வெளியே இருப்பதால் இதழ்கள் இப்போது நேரே தெரிகின்றன. இதழ்களில் மட்டும்தான் எண்ணெய் என்றால் மேல்மூடியைத் திறக்காமலே வேலை முடியும். மெல்லிய தூரிகையில் நாப்தா தொட்டு இதழ்களில் தடவி, ஷட்டரை ஏற்றி விடுவியுங்கள். பஞ்சுக்குச்சியால் ஒற்றி எடுங்கள். மறுபடி தடவல், மறுபடி விடுவிப்பு. உலர்ந்த பின் இதழ்களில் வானவில் நிறத்துப் படலம் தெரிந்தால் இன்னும் எண்ணெய் இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு தடவை செய்ய நேரலாம். இதழ்களை மட்டும் கழற்றிவிடாதீர்கள். அவை ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்காரும் வரிசையைத் திரும்ப அமைப்பது இரண்டாவது, மூன்றாவது கேமராவுக்கான பாடம்.

பல்சக்கரத்தில் பிசுக்கு என்றால் மேல்மூடியைத் திறக்க வேண்டும். மூடியைப் பிடித்திருக்கும் வளையத்தின் ஓரத்தில் அது திரும்பிவிடாமல் காக்கும் சிறு திருகாணி ஒன்று இருக்கும். அதைத் தளர்த்தி, வளையத்தைத் திருப்பினால் மூடியும் அதன்கீழே வேகவளையமும் தூக்க வரும். தூக்கும் முன் வேகம் எந்த எண்ணில் நிற்கிறது என்று எழுதிவையுங்கள். வேகவளையத்தில் வளைந்த பள்ளங்கள் வெட்டியிருக்கும். கீழிருந்து எழும் சிறு ஊசிகள் அவற்றில் உட்கார்ந்திருக்கும். எந்த ஊசி எந்தப் பள்ளத்தில் என்பதைப் படம் எடுக்காமல் ஒரு மில்லிமீட்டர்கூட நகர்த்தாதீர்கள்.

உள்ளே ஒரு மூலையில் நான்கைந்து பல்சக்கரங்கள் சேர்ந்த சின்ன அடுக்கு தெரியும். அதுதான் மெதுவேக இயந்திரம். தூரிகையால் நாப்தாவைத் தாராளமாக விட்டு, அதன் முதல் நெம்பைப் பல்குச்சியால் தள்ளித் தள்ளி விடுங்கள். ஆரம்பத்தில் இழுத்து இழுத்துத் திரும்பும், பிறகு 'ர்ர்' சத்தம் பிறக்கும். மூடி இல்லாமல் ஷட்டரை ஏற்றி விடுவிக்காதீர்கள். பாகங்களை இடத்தில் அழுத்திப் பிடித்திருப்பது அந்த மூடிதான். வேகவளையத்தையும் மூடியையும் திரும்ப வைத்து, வளையத்தைப் பூட்டிய பிறகு சோதியுங்கள்.

இப்போது ஒரு சின்ன ஏமாற்றத்துக்குத் தயாராகுங்கள். கழுவிய அன்று மாலை ஷட்டர் அற்புதமாக ஓடும். மறுநாள் காலை மறுபடி ஒட்டிக்கொள்ளும். கரைந்த பிசுக்கு உலர்ந்து இடம் மாறிப் படிந்திருக்கிறது, வேறொன்றுமில்லை. புதிய நாப்தாவால் மறுபடி கழுவுங்கள். மூன்று நாள் தொடர்ந்து சரியாக ஓடினால்தான் முடிந்ததாகக் கணக்கு.

எண்ணெய் விட வேண்டுமா? இதழ்களுக்கு ஒருபோதும் கூடாது. பல்சக்கரத்தின் அச்சுமுனைகளுக்குக் கடிகார எண்ணெயை ஊசிமுனையால் தொட்டு வைக்கலாம். முதல்முறை செய்பவர் அதையும் விட்டுவிடுவதே நல்லது.

வேகத்தை அளக்கக் கைபேசியே போதும். பின்கதவைத் திறந்து, ஷட்டருக்குப் பின்னால் வெளிச்சம் வைத்து, நொடிக்கு 240 சட்டம் பதியும் வேகத்தில் வீடியோ எடுங்கள். இதழ்கள் திறந்திருக்கும் சட்டங்களை எண்ணுங்கள். 1/10 நொடிக்கு 24 சட்டங்கள், 1/25க்குப் பத்துக்குச் சற்றுக் குறைவு, 1/50க்கு ஐந்து. பழைய ஷட்டர் கால்பங்கு கூடக்குறைய இருந்தால் கவலையில்லை, நெகட்டிவ் ஃபிலிம் அதைப் பொறுத்துக்கொள்ளும். 1/300ஐ இந்த முறையில் அளக்க முடியாது, அளக்காமலே விடலாம்.

கண்ணாடிகள்

முதலில் காற்றூதித் தூசியை விரட்டுங்கள். தூசியோடு துடைத்தால் அந்தத் தூசியே உப்புத்தாளாகிவிடும். அந்தக் காலத்து லென்ஸ் பூச்சு மென்மையானது. ஆல்கஹால் நனைத்த பஞ்சால் நடுவிலிருந்து ஓரத்துக்கு வட்டமாக, அழுத்தாமல் துடையுங்கள். கடலோர ஊர்களின் ஈரத்தில் கிடந்த லென்ஸில் சிலந்தி நூல்போலப் பூஞ்சை படர்ந்திருக்கும். பூஞ்சையைத் துடைக்கலாம். அது பூச்சை அரித்துவிட்ட தடத்தைத் துடைக்க முடியாது. மெல்லிய தடம் படத்தில் தெரியாது, அதோடு மல்லுக்கட்டாதீர்கள். ஷட்டரை 'பி'யில் (அழுத்திப் பிடித்திருக்கும்வரை திறந்தே இருக்கும் நிலை) திறந்து வைத்துக்கொண்டால் பின்கண்ணாடியின் உட்புறமும் எட்டும். வ்யூஃபைண்டரை வெளியிலிருந்து பஞ்சுக்குச்சியால் துடைத்தால் போதும். அதற்காக மேல்தகட்டைக் கழற்ற வேண்டியதில்லை.

தூரத்தை மீண்டும் அமைத்தல்

நடுக்கூட்டை ஷட்டருக்குள் முழுதாக, இறுக்கமாகத் திருகுங்கள். இதில் அரைகுறை கூடாது. முன்கூட்டை ஊசிக்கோடு பார்த்துத் திருகி இறக்குங்கள். வளையத்தை இன்னும் போடவேண்டாம். மிகத் தொலைவிலுள்ளது தெளிவாக விழும் 'முடிவிலி' நிலை எங்கே என்பது இப்போது யாருக்கும் தெரியாது, நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஆய்வகப் பொருட்கள் விற்கும் கடையில் மைக்ராஸ்கோப் கண்ணாடித் துண்டு கிடைக்கும். 75க்கு 25 மில்லிமீட்டர்; ஃபிலிம் ஓடும் பாதையின் அகலத்தைத் தாண்டி இரு தண்டவாளங்களிலும் படியும். அதன் ஒரு பக்கம் மங்கலான ஒட்டுநாடாவைச் சுருக்கமில்லாமல் ஒட்டுங்கள். ஒட்டிய பக்கம் லென்ஸைப் பார்க்கும்படி, ஃபிலிம் உட்காரும் அதே தண்டவாளங்களின்மீது வைத்து ரப்பர் வளையத்தால் பிடியுங்கள்.

கேமராவை முக்காலியில் பூட்டி மொட்டைமாடிக்குப் போங்கள். லென்ஸ் துவாரத்தை 4.5க்குத் திறந்து, ஷட்டரை 'பி'யில் வைத்து, பூட்டும் வசதியுள்ள கேபிள் ரிலீஸால் (ஷட்டரை அழுத்த உதவும் கம்பி) திறந்தே நிறுத்துங்கள். குறைந்தது ஐந்நூறு மீட்டருக்கு அப்பாலுள்ள ஏதோ ஒன்றைக் குறிவையுங்கள். எனக்குக் கைகொடுத்தது ஒரு செல்போன் கோபுரம். கம்பிகள் குறுக்கும் நெடுக்குமாக இருப்பதால் தெளிவு எப்போது வருகிறது, எப்போது போகிறது என்று நன்றாகத் தெரியும். தலைக்குமேல் கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு, லூப்பால் மங்கல்நாடாவைப் பாருங்கள். கோபுரம் தலைகீழாகத் தொங்கும்.

முன்கூட்டை மெல்லத் திருகுங்கள். மங்கல், தெளிவு, மறுபடி மங்கல். தெளிவைத் தாண்டிப் போய்த் திரும்பி வாருங்கள். எதிர்ப்பக்கமும் அப்படியே. இரண்டு மங்கல்களுக்கும் நடுவே கூட்டை நிறுத்துங்கள். நான் ஐந்து தடவை செய்து, ஒவ்வொரு தடவையும் பென்சிலால் குறியிட்டு, குறிகள் கூட்டமாக விழுந்த இடத்தை எடுத்துக்கொண்டேன்.

அந்த நிலையில் கூடு அசையாமல் தூர வளையத்தை மேலே போடுங்கள். முடிவிலிக் குறி சுட்டுக்கோட்டுக்கு நேரே, வளையம் அதற்குமேல் திரும்பாத முட்டுக்கு அருகே இருக்க வேண்டும். மூன்று திருகாணிகளையும் ஒரேயடியாக இறுக்காமல் சுற்றுமுறையில் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். இறுக்கும்போது கூடு நகர்ந்துவிடும் குணம் உண்டு, அதனால் கோபுரத்தை மீண்டும் ஒருமுறை பாருங்கள். பிறகு அளவுநாடாவால் சரியாக மூன்று மீட்டரில் ஒரு செய்தித்தாளைச் சுவரில் ஒட்டி, வளையத்தை மூன்றுக்குத் திருப்பினால் தலைப்பெழுத்து தெளிவாக விழ வேண்டும். விழுந்தால் வேலை சரி.

துருத்தி ஓட்டைகள்

துணிக்குப் பூசும் கறுப்பு அக்ரிலிக் பெயின்ட்டில் கொஞ்சம் வெள்ளைப் பசை கலந்து, பல்குச்சியால் மூலைகளில் மெலிதாக வையுங்கள். தடிமனாகப் பூசினால் மடிப்பு மடங்காது, கதவு மூடாது. ஒரு பூச்சு உலர்ந்த பிறகு அடுத்தது. துருத்தியை விரித்தபடியே ஒரு நாள் முழுக்க உலரவிட்டு, மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க முகப்பவுடரைத் துளி தூவி ஊதிவிடுங்கள். இந்த ஒட்டு சில ஆண்டுகள் தாங்கலாம், சில மாதங்களில் விரியவும் செய்யலாம். நிரந்தரத் தீர்வு புதுத் துருத்திதான்.

முதல் ரோல்

பின்கதவிலுள்ள சிவப்பு ஜன்னல் வழியே ஃபிலிம் தாளில் அச்சிட்ட எண்ணைப் பார்த்துத்தான் சுற்ற வேண்டும். சிவப்பு வெளிச்சத்தை உணராத ஃபிலிம்களின் காலத்து ஏற்பாடு அது. இன்றைய ஃபிலிம்கள் சிவப்பையும் உணரும். எனவே எண் பார்க்கும் நேரம் தவிர ஜன்னலைக் கறுப்பு நாடாவால் மூடிவையுங்கள், வெயிலில் நின்று சுற்றாதீர்கள்.

சோதனை ரோலில் அழகான படம் எடுக்க நினைக்காதீர்கள். ஒவ்வொரு படத்துக்கும் வேகம், துவாரம், தூரம் மூன்றையும் நோட்டில் எழுதுங்கள். சில படங்களை 4.5லேயே, முடிவிலியிலும் மூன்று மீட்டரிலும் எடுங்கள். நடுவில் ஒருமுறை கேமராவை விரித்தபடியே வெயிலில் ஐந்து நிமிடம் வைத்துவிட்டு அடுத்த படம் எடுங்கள்.

கழுவிய நெகட்டிவே மிச்சம் சொல்லும். எல்லாத் தூரத்திலும் மங்கல் என்றால் நடுக்கூடு முழுதாக இறங்கவில்லை. முடிவிலி மட்டும் மங்கல் என்றால் வளையம் நகர்ந்திருக்கிறது. மெதுவேகப் படங்கள் மட்டும் அளவுக்கு மீறிக் கறுத்திருந்தால் பல்சக்கரத்தில் இன்னும் பிசுக்கு. ஒரே இடத்தில் படத்துக்குப் படம் கரும்புகை படிந்ததுபோல இருந்தால் துருத்தியில் ஓட்டை. நெகட்டிவில் அது எந்த மூலையோ, துருத்தியில் அதே பக்கத்து மூலையிலிருந்து தேடத் தொடங்குங்கள்.

என் ரோலில் பதினொன்று சுத்தமாக வந்தன. ஏழாவது படத்தில் மட்டும், வெயிலில் வைத்த அந்த ஐந்து நிமிடத்தின் தடமாக, ஓரத்தில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு கறை. அன்றிரவே விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சோடு உட்கார்ந்தேன். கதவோடு ஒட்டியிருக்கும் கீழ் மடிப்பில், நான் பூசிய இடத்துக்கு அரை விரல் தள்ளி, ஊசி குத்தியதுபோல ஒரு புள்ளி மின்னியது.